பிங்க் ஷோவுக்கு ரெண்டு தடவை சிட்னி போன கதை

போன வாரம் பெர்த்ல இருக்கற என் சித்தி பொண்ணு போன் பண்ணா. ஏதோ ஒரு பெரிய கச்சேரி வருதாம், நெட்ல தேடினப்போ முதல்ல வந்த சைட்டுல நல்ல சீட் காட்டுதாம், "இன்னும் ரெண்டே டிக்கெட்தான் இருக்குன்னு சிவப்புல மின்னுதுக்கா, போட்டுரவா"ன்னு கேட்டா. எனக்கு அந்த சிவப்பு எழுத்த கேட்டதுமே வயித்த கலக்கிருச்சு. கார்டை உள்ள வைடீ, நான் எழுதி அனுப்பறேன், அதப் படிச்சிட்டு அப்பறம் எதுவா இருந்தாலும் பண்ணுன்னு சொன்னேன். அவளுக்காக எழுத ஆரம்பிச்சதுதான் இது, எழுத எழுத நீண்டு போச்சு, சரி எல்லாரும் படிக்கட்டும்னு போடறேன்.

நாங்க இருக்கறது கான்பெராவுல. 2018ல என் பொண்ணுக்கு 12 வயசு, அஞ்சு வயசுலேருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் போறவ. வீட்டுக்காரர் அப்ப டார்வின்ல ஒரு காண்ட்ராக்ட் வேலையில மாட்டிக்கிட்டாரு, அதனால எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான். பொண்ணுக்கு பிங்க்னா உசிரு, கலர் இல்ல, பிங்க்னு பேர் வெச்சுக்கிட்ட பாப் பாடகி. முதல்ல பாட்டு கேட்டெல்லாம் பிடிக்கல, 2010 கிராமி விழாவுல அவங்க வெள்ளைத் துணியில தலைகீழா தொங்கிக்கிட்டு, தண்ணி சொட்டச் சொட்ட சுத்திக்கிட்டே பாடின வீடியோவ அவ ஜிம் கோச் காட்டியிருக்காங்க, அன்னைலேருந்து ஆரம்பிச்சது. பிங்கும் சின்ன வயசுல ஜிம்னாஸ்ட்தான், 4 வயசுலேருந்து 12 வயசு வரைக்கும் போட்டிக்குன்னே பயிற்சி எடுத்தவங்க. அது போதும் என் பொண்ணுக்கு, "அம்மா, ஷீ இஸ் ஒன் ஆஃப் அஸ்"ன்னு பேச ஆரம்பிச்சிட்டா.

ஆஸ்திரேலியாவுக்கும் பிங்குக்கும் இருக்கற உறவு தனி. அமெரிக்காக்காரங்கதான், பென்சில்வேனியா ஊரு, ஆனா இங்க அவங்கள சொந்த வீட்டுப் பொண்ணு மாதிரி கொண்டாடறாங்க. 2009ல ஃபன்ஹவுஸ் டூருக்கு வந்தப்போ இந்த நாட்டுல மட்டும் 58 ஷோ பண்ணாங்க. 2013ல மறுபடி வந்து மெல்போர்ன் ராட் லேவர் அரினாவுல மட்டும் 18 ராத்திரி. ஒரே ஊர்ல, ஒரே அரங்கத்துல! எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க அதுல நாலு தடவை போயிருக்காங்க, கேட்டா வெக்கமே படல. அதனால 2017 கடைசியில பியூட்டிஃபுல் ட்ராமா டூர் அடுத்த வருஷம் இங்க வருதுன்னு அறிவிப்பு வந்ததும், டிக்கெட் எல்லாம் பறந்துரும்னு எனக்கு ஒரு பதட்டம். என் முதல் தப்பே அந்தப் பதட்டம்தான்.

விற்பனை ஆரம்பிச்ச அன்னைக்கு நான் மீட்டிங்ல இருந்தேன். மத்தியானம் லேப்டாப்ப திறந்து தேடினேன், முதல்ல வந்த லிங்க்க அமுக்கினேன். டூரோட போஸ்டர் படம், அரினா பேரு, சீட் மேப்பு, எல்லாம் அச்சு அசலா இருந்துச்சு. மேல ஒரு கடிகாரம் ஓடுது, "உங்க டிக்கெட்ட பிடிச்சு வெச்சிருக்க இன்னும் 6 நிமிஷம்". இந்தப் பக்கம் "இப்ப 84 பேர் இதே ஷோவ பாத்துக்கிட்டிருக்காங்க". மனுஷி என்ன பண்ணுவா. மேடைக்குப் பக்கத்துல தரையில ரெண்டு சீட், சிட்னி ஒலிம்பிக் பார்க்ல இருக்கற குடோஸ் பேங்க் அரினா, தேதி ஆகஸ்ட் 6, 2018, திங்கட்கிழமை. கண்ண மூடிக்கிட்டு பணம் கட்டிட்டேன். அது ஒரு மறுவிற்பனை சைட்டுன்னே, அதாவது வேற யாரோ வாங்கின டிக்கெட்ட மறுபடி விக்கற இடம்னே, எனக்குத் தெரியாது. ரெண்டு நாள் கழிச்சு கார்டு கணக்கப் பாத்தா 936 டாலர். நான் பாத்த விலை அமெரிக்க டாலர்ல இருந்திருக்கு, அதுக்கு மேல "சேவைக் கட்டணம்"னு கடைசிப் பக்கத்துல ஒரு தொகை, அதுக்கு மேல பேங்க்காரன் வெளிநாட்டுப் பரிவர்த்தனைன்னு ஒரு கீறல். அப்பறம் பிடிஎஃப் வந்தப்போ டிக்கெட்டுல அச்சாகியிருந்த விலையப் பாத்தேன், நான் குடுத்ததுல பாதி கூட இல்ல. பேரு வேற யாரோ ஒருத்தர் பேரு.

இங்க கொஞ்சம் நிறுத்தி சொல்லிடறேன். கச்சேரி நடத்தறவங்க சைட்டுக்கோ, அரினாவோட சொந்த சைட்டுக்கோ நேரா போயி, அங்கேருந்து "டிக்கெட்"ங்கற பட்டன அமுக்கி போங்க. தேடி வர்ற முதல் லிங்க் பெரும்பாலும் காசு குடுத்து மேல ஏறின விளம்பரம். பணம் கட்டறதுக்கு முன்னாடி எந்த நாட்டு டாலர்னு பாருங்க, டிக்கெட் யார் பேர்ல வரும்னு பாருங்க. கடிகாரம் ஓடுச்சுன்னா ஓடட்டும்னு விட்டுட்டு எழுந்து போயி ஒரு டீ போட்டு குடிங்க, திரும்பி வந்து பாத்தா அதே ரெண்டு டிக்கெட் அங்கயேதான் இருக்கும். நான் பின்னாடி சோதிச்சே பாத்துட்டேன். நியூ சவுத் வேல்ஸ்ல 2018 ஜூன் 1லேருந்து ஒரு சட்டம் வந்துருச்சு, அந்த மாநிலத்துல நடக்கற ஷோவுக்கு டிக்கெட்ட மறுபடி விக்கணும்னா வாங்கின விலைக்கு மேல 10 சதவீதம்தான் வெச்சு விக்கலாம். நான் வாங்கினது அதுக்கு அரை வருஷம் முன்னாடி. என் நேரம் அப்படி.

சரி, போனது போச்சு, பொண்ணு முன்வரிசையில உக்காந்து பாக்கட்டும்னு மனச தேத்திக்கிட்டேன். வீட்டுக்காரர்கிட்ட போன்ல சொன்னப்போ "936 டாலருக்கு சர்க்கஸ் பாக்கப் போறீங்களா, கச்சேரி கேக்கப் போறீங்களா"ன்னாரு. நியாயமான கேள்விதான். மதுரையில தமுக்கம் மைதானத்துல சித்திரைப் பொருட்காட்சி போட்டா மரணக் கிணறுல பைக் ஓட்டறத பாக்கறதுக்குன்னே எங்கப்பாவ அரிச்சு எடுத்தவ நான். தெருவுல கழைக்கூத்து நடக்கும், ஒரு சின்னப் பொண்ணு கையில கம்பு வெச்சுக்கிட்டு கயித்துல நடக்கும், கீழ அவங்கம்மா மேளம் தட்டுவாங்க. அந்தப் பொண்ணு விழுந்துருமோன்னு கண்ண மூடிப்பேன், ஆனா விரல் சந்துல பாப்பேன். அந்தப் பொண்ணு பாடவும் செஞ்சா எப்படி இருக்கும், அதான் பிங்க். வாயசைப்பு இல்ல, தலைகீழா தொங்கறப்பவும் மைக்ல மூச்சு வாங்கற சத்தம் கேக்கும்.

ஆகஸ்ட் முதல் வாரம் வந்துச்சு. சிட்னியில முதல் ஷோ 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அன்னைக்கே நியூஸ், டாக்டர் சொன்னாருன்னு அந்த ஷோவ தள்ளி வெச்சிட்டாங்க. அதுக்கு ஊரே திட்டுச்சு, ஏன்னா கொஞ்ச முன்னாடிதான் அவங்க பைரன் பே கடற்கரையில புள்ளைங்களோட இருக்கற போட்டோ பேப்பர்ல வந்துச்சு. "பீச்சுக்குப் போக தெம்பு இருக்கு, பாட தெம்பு இல்லையா"ன்னு. அவங்க இன்ஸ்டாகிராம்ல நீளமா பதில் எழுதினாங்க. உண்மைய சொல்றேன், நானும் அன்னைக்கு மனசுக்குள்ள திட்டினேன், எனக்கு என் 936 டாலர்தான் கண்ணுல தெரிஞ்சுது. சனி ஞாயிறு நியூஸ தோண்டிக்கிட்டே இருந்தேன். நம்ம ஷோ தள்ளிப் போனதா எந்த தகவலும் இல்ல. ஈமெயில்ல ஒண்ணும் வரல. வரலன்னா நடக்குதுன்னுதானே அர்த்தம்?

திங்கட்கிழமை லீவு போட்டேன், பொண்ணு ஸ்கூலுக்கு வயித்துவலின்னு மெசேஜ் போட்டேன் (பொய் சொன்னதுக்கு அன்னைக்கே பலன் கெடச்சுது), கண்ணாடியில பனி உறைஞ்சு கெடந்தத சுரண்டிட்டு காலையில கெளம்பினோம். கான்பெராலேருந்து ஒலிம்பிக் பார்க் ஒரு 280 கிலோமீட்டர், ஹ்யூம் ஹைவேயில மூணு மணி நேரம். கோல்பர்ன்ல அந்த பெரிய செம்மறி ஆட்டு சிலைகிட்ட நிறுத்தி புளியோதரை சாப்பிட்டோம். ஹோட்டல் அரினாவுக்கு நடந்து போற தூரத்துல, 249 டாலர், "ரத்து பண்ணா பணம் வராது"ங்கற ரேட்டு, ஏன்னா அது 30 டாலர் கம்மி. மத்தியானம் ரூமுக்குப் போயி, பொண்ணு முடிய பிங்க் மாதிரி மேல தூக்கி ஜெல் போட்டு சீவி முடிச்சு, காபி வாங்கலாம்னு லாபிக்கு வர்றேன், அங்க நாலஞ்சு பொம்பளைங்க பிங்க் கலர் பனியனோட உக்காந்து ஒருத்தங்க அழுதுட்டு இருக்காங்க. என்னன்னு கேட்டா, "உங்களுக்கு ஈமெயில் வரலையா? அவங்கள ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க, இன்னைக்கு ஷோ இல்ல". உடம்புல நீர்ச்சத்து வத்திப் போயி சேத்திருக்காங்க, வயித்துல வைரஸ்னு அப்பறம் தெரிஞ்சுது.

அங்க இருந்த எல்லாருக்கும் ஈமெயில் வந்திருக்கு, எனக்கு மட்டும் வரல. ஏன்னு அப்பதான் உறைச்சுது. டிக்கெட் யார் பேர்ல வாங்கினதோ அவங்களுக்குத்தான் தகவல் போகும். என் டிக்கெட்ட முதல்ல வாங்கின அந்த யாரோ ஒருத்தருக்கு நேரத்துக்கு மெயில் போயிருக்கும், அவரு எங்கயோ சோபாவுல கால நீட்டிக்கிட்டு படிச்சிருப்பாரு. நான் இங்க 280 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து லாபியில நிக்கறேன். ரூமுக்குப் போயி பொண்ணுகிட்ட சொன்னேன். அவ அழல. ஜெல்லெல்லாம் கழுவிட்டு வந்து, "அவங்களுக்கு சரியாயிருமாம்மா?"ன்னு கேட்டா. நான்தான் பாத்ரூம்ல தண்ணிய திறந்துவிட்டுட்டு அழுதேன். வெக்கமா இருக்கு சொல்ல, ஆனா அது தான் நடந்துச்சு. காச நெனச்சா, ஏமாந்தத நெனச்சா, தனியா எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுத் திரியறத நெனச்சா, எதுக்கு அழறேன்னே தெரியல.

மறுநாள் காலையில மறுவிற்பனை சைட்டுக்கு எழுதினேன். ரெண்டு நாள் கழிச்சு பதில், ஷோ ரத்தாகல, தள்ளித்தான் போயிருக்கு, அதனால உங்க டிக்கெட் புது தேதிக்கு செல்லும், பணம் திரும்ப வராது. நேரடியா வாங்கினவங்களுக்கு புது தேதி ஒத்து வரலன்னா பணம் திருப்பித் தர்றோம்னு ஏற்பாட்டாளர்கள் அறிவிச்சாங்க. அப்ப நான் அங்க கேட்டேன். அவங்க சொன்னது சரிதான், கஷ்டமா இருந்தாலும் சரிதான்: பணம் எந்த கார்டுலேருந்து வந்துச்சோ அதே கார்டுக்குத்தான் திரும்பப் போகும். அதாவது அந்த சோபா ஆளுக்கு. இதுல இன்னொரு பயம் இருக்கு பாருங்க, அவரு "எனக்கு வேண்டாம், ரீஃபண்ட் குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டாருன்னா என் கையில இருக்கற பிடிஎஃப் வெறும் காகிதம். அவரு எனக்கும் வித்து, அரினாகிட்டயும் பணம் வாங்கிக்கலாம். யாரு தடுக்கப் போறா. இந்த ஒரு விஷயத்த யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நான் அந்த சைட்டு பக்கமே போயிருக்க மாட்டேன். விலை ஜாஸ்திங்கறது ஒரு நட்டம், அது கண்ணுக்குத் தெரியும். ஷோ தள்ளிப் போனா அந்த டிக்கெட்டுக்கு நீங்க சொந்தக்காரரே இல்லங்கறது யாரும் சொல்ல மாட்டாங்க.

உடம்ப வெச்சு பண்ற ஷோ தள்ளிப் போறதுக்கு வாய்ப்பு ஜாஸ்திங்கறதையும் கணக்குல வெச்சுக்கணும்னு எனக்கு இப்ப தோணுது. சும்மா நின்னு பாடறவங்க லேசான சளியோட சமாளிச்சிருவாங்க. இவங்க வயித்த இறுக்கி பெல்ட் கட்டிக்கிட்டு அரினா கூரை வரைக்கும் பறக்கணும், குட்டிக்கரணம் அடிக்கணும், அதே நேரம் பாடணும். நீர்ச்சத்து இல்லாத உடம்போட, தலை சுத்தற நிலையில, அத பண்ண முடியுமா? 2010 ஜூலையில ஜெர்மனியில நியூரம்பெர்க்ல என்ன ஆச்சுன்னு என் பொண்ணு சொல்லித்தான் எனக்குத் தெரியும். பறக்கற கயித்த சரியா மாட்டி முடிக்கறதுக்கு முன்னாடியே இழுவை எந்திரம் இழுக்க ஆரம்பிச்சு, மேடையிலேருந்து கீழ தூக்கி எறிஞ்சு, முன்னாடி இருந்த தடுப்புல போயி மோதிட்டாங்க. எலும்பு எதுவும் முறியல, ஆனா ஆஸ்பத்திரிக்குத்தான் போனாங்க. அத கேட்டதுக்கப்பறம் பைரன் பே போட்டோவுக்காக நான் திட்டினத நெனச்சு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒரு அம்மா புள்ளைங்கள பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனது ஒரு குத்தமா. நான் ஸ்கூலுக்குப் பொய் சொன்னவ.

அதனால இந்த மாதிரி ஷோவுக்குப் போறவங்க, ஹோட்டல் புக் பண்ணா கடைசி நாள் வரைக்கும் ரத்து பண்ற மாதிரி ரேட்டு எடுங்க. 30 டாலர மிச்சம் பிடிக்கப் போயி நான் 249 விட்டேன். ஃப்ளைட்ல போறவங்க பயணக் காப்பீடு எடுத்தா, பாடகருக்கு உடம்பு சரியில்லாம ஷோ தள்ளிப் போனா அதுக்கு குடுப்பாங்களான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. கெளம்பற அன்னைக்குக் காலையில மட்டும் இல்ல, வழியில நிறுத்தற இடத்துலயும் அரினாவோட பக்கத்த ஒரு தடவை பாருங்க.

புது தேதி செப்டம்பர்ல வந்துச்சு. போறதா வேண்டாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். வீட்டுக்காரர் "விட்டுருடி, அடுத்த தடவை வருவாங்க"ன்னாரு. பொண்ணு ஒண்ணும் கேக்கல, அதான் தாங்கல. போயிரலாம்னு முடிவு பண்ணேன். இந்த தடவை ஸ்கூலுக்கு உண்மையான காரணத்தையே எழுதினேன், டீச்சர் பதிலுக்கு "போட்டோ எடுத்துட்டு வரச் சொல்லுங்க"ன்னு எழுதினாங்க. ஹோட்டல் 195, ரத்து பண்ணிக்கலாம்ங்கற ரேட்டு. கேட் திறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே போயி நின்னோம், மனசுல அந்த சோபா ஆளு உக்காந்துகிட்டே இருந்ததால.

முதல் டிக்கெட்ட ஸ்கேன் பண்ணாங்க, பச்சை. பொண்ணு உள்ள போயிட்டா. ரெண்டாவது, என்னோடது, சிவப்பு. மறுபடி ஸ்கேன், மறுபடி சிவப்பு. "இது ஏற்கனவே உள்ள போயிருச்சு மேடம்". ஒரே பிடிஎஃப்ப ரெண்டு பேருக்கு வித்திருக்காங்க, இன்னொருத்தர் எனக்கு முன்னாடியே அத காட்டி உள்ள போயி என் சீட்ல உக்காந்திருக்காரு. பொண்ணு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என்னையே பாக்கறா, நான் இந்தப் பக்கம், நடுவுல ஒரு கம்பித் தடுப்பு. வாழ்க்கையில அவ்வளவு அசிங்கமா உணர்ந்ததே இல்ல, நானே திருட்டு டிக்கெட்ல வந்தவ மாதிரி பின்னாடி வரிசையில ஒரு முணுமுணுப்பு. கேட்ல நின்ன அந்த அம்மா நல்லவங்க. பொண்ண வெளிய வர விட்டு, "பாக்ஸ் ஆபீஸ்ல, அதான் அரினாவோட டிக்கெட் கவுண்டர்ல, போயி கேளுங்க, தள்ளிப் போன ஷோங்கறதால நெறைய பேர் திருப்பிக் குடுத்திருக்காங்க, சீட் இருக்கலாம்"னு சொன்னாங்க. இருந்துச்சு. மேல் அடுக்குல, பக்கவாட்டுல, பக்கத்து பக்கத்துல ரெண்டு சீட், ரெண்டுக்கும் சேத்து 310 டாலர். அவ்வளவு பக்கத்துல வாங்கின தரை சீட் ஒண்ண அப்படியே வீணா விட்டுட்டு மேல ஏறினோம். எனக்கு நியாயமா இருந்த ஒரே புத்தி, பாக்ஸ் ஆபீஸ்ல "இந்த டிக்கெட் ஏற்கனவே ஸ்கேன் ஆயிருச்சு, இவங்களுக்கு அனுமதி இல்ல"ன்னு ஒரு வரி எழுதி வாங்கினது. அந்த ஒரு வரிக்கு மதிப்பு என்னன்னு பின்னாடி சொல்றேன்.

ஏறிப் போயி உக்காந்தா, மேடை தீப்பெட்டி சைஸ்ல தெரியுது. கீழ தரை சீட்டப் பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சுது. ஆனா லைட்ட அணைச்சு ஆரம்பிச்சதும் கதையே மாறிருச்சு. திரை விழுது, ஒரு பெரிய சரவிளக்குல தொங்கிக்கிட்டு அந்தம்மா வர்றாங்க, அந்த விளக்கோட சேந்து மேல கீழ குதிக்கறாங்க, பாடறாங்க. எங்க கண்ணுக்கு நேரா! கீழ உக்காந்திருக்கறவங்க எல்லாரும் கழுத்த அண்ணாந்து பாக்கறாங்க, கையில போன தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கறதால பின்னாடி வரிசைக்காரங்களுக்கு அடுத்தவன் போன்தான் தெரியும். எங்களுக்கு மொத்தமும் தெரியுது. ஒரு பாட்டுல ஒரு ஆணோட சேந்து வார்ப்பட்டையில தொங்கி காத்துல ஆடறாங்க, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஒத்தக் கையில பிடிச்சிருக்கறப்போ என் பொண்ணு எனக்கு பாடம் எடுக்கறா, "அம்மா பாருங்க, தோள வெச்சு இல்ல, முதுக வெச்சுத்தான் பிடிக்கறாங்க". இன்னொரு பாட்டுல ராப் பாடகர் எமினெம் மாதிரி ஒரு ராட்சச காத்தடைச்ச பொம்மை, அதோட காத்துல சண்டை போடறாங்க, குழந்தைங்கல்லாம் உருண்டு பொரண்டு சிரிக்குது. நடுவுல தரையில இறங்கி ஜனங்க நீட்டற பரிசெல்லாம் வாங்கிக்கிட்டு கதை பேசறாங்க, அப்ப மட்டும் கீழ இருந்திருக்கலாமோன்னு இருந்துச்சு, அஞ்சு நிமிஷம்தான்.

கடைசிக்கு முந்தின பாட்டு 'சோ வாட்'. பல வருஷமா இவங்க டூர்னாலே ஜனங்க காத்துக்கிட்டு இருக்கறது இந்தப் பாட்டுக்குத்தான். இடுப்புல ஒரு வளையம் மாதிரி பெல்ட், அதுலேருந்து கயிறுங்க அரினாவோட மூலைங்களுக்குப் போகுது, ஒவ்வொரு கயித்துக்கும் ஒரு மோட்டார் இழுவை, எல்லாத்தையும் கம்ப்யூட்டர் வெச்சு ஒண்ணு சேத்து ஓட்டறாங்க, ஒண்ணு இழுக்க இன்னொண்ணு விட, அரினாக்குள்ள எந்த இடத்துக்கு வேணும்னாலும் பறக்கலாம். வேகம்னா வேகம், பருந்து கோழிக்குஞ்ச தூக்க வர்ற மாதிரி. கீழ அஞ்சாறு வரிசைக்கு மேல போறப்போ அவங்களுக்கு வெறும் ஷூ அடிப்பாகம்தான் தெரிஞ்சிருக்கும். எங்க பக்கம் வந்து, நாங்க இருந்த அடுக்கு உயரத்துக்கே வந்து, ஒரு கணம் நின்னு, குட்டிக்கரணம் அடிச்சு, கைய ஆட்டிட்டுப் போனாங்க. நெத்தியில வேர்வை தெரியுது. என் பொண்ணு கத்தல, கை ரெண்டையும் வாயில வெச்சுக்கிட்டு ஆடாம நிக்கறா. கழைக்கூத்து பாக்கறப்போ நான் அப்படித்தான் நின்னிருப்பேன். ஆனா நான் இந்த தடவை கண்ண மூடல.

டூர் 2019ல முடிஞ்சப்போ 156 ஷோ, 30 லட்சத்துக்கு மேல டிக்கெட், 39 கோடியே 70 லட்சம் அமெரிக்க டாலர் வசூல்னு கணக்கு வந்துச்சு. விமர்சனம் எழுதினவங்க எல்லாரும் பறக்கறதத்தான் எழுதினாங்க. எனக்கு அதுல ஒண்ணுதான் குறை, அந்த ஷோவ வடிவமைச்சதே விலை கம்மியான மேல் சீட்டுக்காரங்களையும் விட்டுடக் கூடாதுன்னுதான்னு எனக்குத் தோணுச்சு, அத யாராவது முன்னாடியே கொட்டை எழுத்துல போட்டிருந்தா என் காசு தப்பிச்சிருக்கும். பறக்கற ஷோவுக்கு, கயித்துல தொங்கற ஷோவுக்கு, தரை சீட் வாங்காதீங்க, அதுவும் குழந்தையோட போனா வாங்கவே வாங்காதீங்க, முன்னாடி நிக்கற ஆறடி ஆளோட முதுகத்தான் பாக்கும். பக்கவாட்டுல, மேடைக்கு நேர் பக்கமா இல்லாம கொஞ்சம் தள்ளி, முதல் அடுக்கோ ரெண்டாவது அடுக்கோ எடுங்க. மேடைக்குப் பின்பக்கம் வர்ற சீட்டும், "பார்வை மறைக்கலாம்"னு போட்ட சீட்டும் வேண்டாம். ஷோவுக்கு ஒரு வாரம் முன்னாடி அரினா சைட்டுல மறுபடி பாருங்க, மேடை அமைப்பு முடிவானதும் ஏற்பாட்டாளர்கள் பிடிச்சு வெச்சிருந்த சீட்டுங்கள வெளிய விடறது வழக்கம், ஷோ தள்ளிப் போயிருந்தா திரும்பி வந்த டிக்கெட்டும் இருக்கும்.

இப்ப அந்த ஒரு வரி. ஊருக்கு வந்ததும் பேங்க்குக்கு போன் பண்ணி, சிவப்பு காட்டின டிக்கெட்டுக்கு பணம் திரும்ப வேணும்னு கேட்டேன். முதல்ல பேசின பையன், "நீங்க வாங்கினது போன வருஷம் மேடம், கெடு தாண்டிருச்சு"ன்னான். வெச்சிட்டேன். ராத்திரி பூரா யோசிச்சு மறுநாள் மறுபடி பண்ணி, நான் வாங்கினது ஒரு காகிதம் இல்ல, ஒரு நிகழ்ச்சிக்குள்ள போற உரிமை, அது கெடைக்கலன்னு எனக்குத் தெரிஞ்சதே செப்டம்பர்லதான், அப்ப கெடுவ அந்த நாள்லேருந்து எண்ணுங்கன்னு கேட்டேன். மேல இருக்கற ஒருத்தங்களுக்கு மாத்திவிட்டாங்க, அவங்க ஆமா அப்படித்தான் எண்ணணும்னு ஒத்துக்கிட்டாங்க. பாக்ஸ் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தது, பிடிஎஃப், சைட்டோட பதில், கார்டு கணக்கு, எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். அந்த வரி இல்லாம போயிருந்தா என் பேச்சுக்கு என்ன ஆதாரம்? டெபிட் கார்டோ, நேரா பேங்க் டிரான்ஸ்ஃபரோ பண்ணியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமான்னும் தெரியாது. கிரெடிட் கார்டுங்கறதால தப்பிச்சேன்.

மொத்தக் கணக்கு இதோ. மறுவிற்பனை டிக்கெட் 936, முதல் ஹோட்டல் 249, ரெண்டாவது ஹோட்டல் 195, ரெண்டு பயணத்துக்கும் பெட்ரோல் 130, சாப்பாடு பார்க்கிங் 120, பாக்ஸ் ஆபீஸ் டிக்கெட் 310. கூட்டினா 1,940 டாலர். ஒழுங்கா அரினா சைட்டுல மேல் சீட் வாங்கி, ரத்து பண்ற ஹோட்டல் எடுத்து, ஒரே தடவை போயிருந்தா 630, 650க்குள்ள முடிஞ்சிருக்கும். ரெண்டு நாள் லீவு தனி. வீட்டுக்காரர்கிட்ட இந்த மொத்தத்த இன்னைக்கு வரைக்கும் சொல்லல, இத படிச்சாருன்னா தெரிஞ்சுக்கட்டும்.

பேங்க்லேருந்து 468 டாலர் நவம்பர் கடைசியில கார்டுல வந்து விழுந்துச்சு. பொண்ணு ஷோவுலேருந்து வந்த நாளா துணியில தொங்கற ஏரியல் கிளாஸ் போகணும்னு அரிச்சுக்கிட்டு இருந்தா, அந்தப் பணத்துல அன்னைக்கே சேத்துவிட்டேன். முதல் கிளாஸ் முடிச்சிட்டு வந்தவ கைய தூக்கக் கூட முடியாம சோபாவுல விழுந்து, "அம்மா, தொங்கறப்போ எனக்கு பேச்சே வரல, அவங்க எப்படிம்மா பாடறாங்க?"ன்னா. ரெண்டு நாளைக்கு நான்தான் அவளுக்கு தலை சீவிவிட்டேன்.